வேக்ஃபீல்ட் துருப்புக் கப்பல், 1941-46: யாரை ஏற்றியது, எங்கே இறக்கியது?

நங்கூரம்:

இந்தத் தளத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்குக்கு எத்தனையோ இழைகள் ஓடிவிட்டன, ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோவின் பீரங்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. ஆனால் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, திரும்பி வந்து மறுபடி ஏற்றிய கப்பல்களைப் பற்றி உருப்படியாக ஒன்றுமில்லை. ரொம்ப நாளாக இது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

கப்பலின் பெயர் யூ.எஸ்.எஸ். வேக்ஃபீல்ட். போருக்கு முன்னால் எஸ்.எஸ். மன்ஹாட்டன் என்ற பெயரில் அட்லாண்டிக்கில் ஓடிய பயணிகள் கப்பல். நியூஜெர்சியின் கேம்டனில் கட்டி 1931 டிசம்பரில் நீரில் இறக்கினார்கள், 1932 ஆகஸ்டில் முதல் பயணம். 24,000 டன்னுக்கு மேல், 700 அடி நீளம். வாஷிங்டன் என்ற தங்கைக் கப்பலும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்க அணி போனது மன்ஹாட்டனில்தான், ஜெஸ்ஸி ஓவன்ஸும் அதில்தான் போனார். 1939ல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் அங்கே மாட்டிக்கொண்ட அமெரிக்கர்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை இதற்கு வந்தது.

1941 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் பாம் பீச் பக்கம் மணலில் தரைதட்டி மூன்று வாரம் நகர முடியாமல் நின்றது. மீட்டு, பழுதுபார்த்து, அந்த ஜூனில் அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டு, ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த இடத்தின் பெயரை வைத்தது. கப்பல் கடற்படையுடையது, ஆனால் ஓட்டியவர்கள் முழுக்க முழுக்க அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தீ விபத்துக்கு வரும்போது தேவைப்படும்.

கப்பல் எத்தனை மைல் ஓடியது என்று பேசுவதைவிட யாரை ஏற்றி எங்கே இறக்கியது, இறங்கியவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று பேசலாம். துருப்புக் கப்பலின் சேவை வரலாற்றை அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கப்பலின் பதிவேடு "படை இறக்கப்பட்டது" என்பதோடு முடிந்துவிடும். நாம் அங்கே முடிக்கக் கூடாது.

அலையோசை:

நல்ல ஆரம்பம் அண்ணே. முதல் பயணத்தில் யாரை ஏற்றினார்கள்?

நங்கூரம்:

பெரிய பயணம் என்று பார்த்தால் பிரிட்டிஷ் சிப்பாய்களை. அமெரிக்கா இன்னும் போரிலேயே இறங்காத நேரம் அது.

1941 செப்டம்பரில் சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் கேட்டார். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்ப வேண்டும், பிரிட்டனிடம் பெரிய கப்பல் போதவில்லை. ரூஸ்வெல்ட் சம்மதித்தார். 18வது பிரிட்டிஷ் டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவு) இங்கிலாந்திலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு வந்து, அங்கே ஆறு அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறி ஏறியது. வேக்ஃபீல்ட், மவுண்ட் வெர்னன் (இதுதான் தங்கைக் கப்பல் வாஷிங்டன்), வெஸ்ட் பாயிண்ட், லியோனார்ட் வுட், ஜோசப் டி. டிக்மன், ஒரிசாபா. எல்லாவற்றிலும் சேர்த்து இருபதாயிரம் பேருக்கு மேல், வேக்ஃபீல்டில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரம். நவம்பர் 10 அன்று கிளம்பினார்கள். துணைக்கு ரேஞ்சர் என்ற விமானம் தாங்கிக் கப்பல், குயின்சி, வின்சென்ஸ் என்ற இரண்டு குரூசர்கள், எட்டு நாசகாரிகள். அத்தனையும் அமெரிக்கக் கொடி.

டிரினிடாடில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றப் போனார்கள். கேப் டவுனை அடைந்தது டிசம்பர் 9. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஜப்பான் பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கடற்படையைத் தாக்கியது. ஹாலிஃபாக்ஸில் நடுநிலை நாட்டுக் கப்பலாகக் கிளம்பியது, கேப் டவுனில் போரிடும் நாட்டுக் கப்பலாக நங்கூரம் போட்டது.

பழங்கணக்கு:

நங்கூரம், "நடுநிலை நாடு" என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. போரில் ஒரு தரப்பின் முழு டிவிஷனை உங்கள் கடற்படைக் கப்பலில் ஏற்றி, உங்கள் போர்க்கப்பல்களைக் காவலுக்கு அனுப்பினால் அது என்ன நடுநிலை? அந்த நவம்பரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி வேக்ஃபீல்டைக் கண்டிருந்தால் சுட அதற்கு முழு நியாயமும் இருந்திருக்கும். ஆறாயிரம் பேர் உள்ளே. அமெரிக்க மக்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரு பயணம் நடப்பதே தெரியாது. ரூஸ்வெல்ட் செய்தது தேவையான காரியமாக இருக்கலாம், ஆனால் நாட்டு மக்களைக் கேட்காமல் செய்தது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நங்கூரம்:

அதில் உங்களோடு பெரிய சண்டை இல்லை. ஆனால் அக்டோபர் கடைசியிலேயே ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாசகாரியை நீர்மூழ்கி மூழ்கடித்தாகிவிட்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அட்லாண்டிக்கில் அமெரிக்கா அறிவிக்காத போரில் ஏற்கெனவே இருந்தது, வேக்ஃபீல்ட் போனது அதன் தொடர்ச்சிதான்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சிப்பாய்கள் பாலைவனப் போருக்கென்று கிளம்பியவர்கள். நார்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷையர் பகுதிகளைச் சேர்ந்த பகுதிநேரப் படையினர், கிழக்கு இங்கிலாந்து ஊர்ப்பிள்ளைகள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது ஜப்பான் மலாயாவைத் தாக்கியது, போர் திசைமாறியது, அவர்களுடைய பயணமும் மாறியது. பெரும்பகுதி டிசம்பர் 27 வாக்கில் பம்பாய் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தை விட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் கப்பல் வாசம். அகமத்நகரில் சில வாரம் கால் நீட்டி நடக்கவும் பயிற்சி செய்யவும் விட்டார்கள், அப்புறம் மறுபடியும் கப்பல். இந்தத் தடவை சிங்கப்பூருக்கு.

கொழும்புக்காரன்:

வணக்கம். டிவிஷனின் ஒரு பகுதியான ஒரு பிரிகேட் பம்பாய்க்கு வரவே இல்லை, 53வது பிரிகேட். அவர்களை மவுண்ட் வெர்னன் மொம்பாசா வழியாக நேரே சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் ஜனவரி 13 அன்று இறக்கியது. நல்ல மழை, அந்த மழைதான் ஜப்பானிய விமானங்களிடமிருந்து காப்பாற்றியது. இறங்கிச் சில நாளிலேயே ஜோகூர் காட்டில் யோங் பெங், பத்து பஹாட் பக்கம் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வாரம் கப்பலில் இருந்த கால்களோடு, காட்டையே பார்த்திராத கண்களோடு போனவர்கள். அந்தச் சண்டை தோல்வியில் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

நங்கூரம்:

நன்றி ஐயா, அது முக்கியமான விவரம். மீதி இரண்டு பிரிகேடுகளோடுதான் வேக்ஃபீல்டும் வெஸ்ட் பாயிண்ட்டும் மற்ற சில கப்பல்களும் வந்தன. தேதிகளை வரிசையாகப் பாருங்கள்.

ஜனவரி 29, 1942: வேக்ஃபீல்ட் சிங்கப்பூர் கெப்பல் துறைமுகத்தில். சிப்பாய்கள் இறங்குகிறார்கள்.

ஜனவரி 30: அதே துறையில் கப்பல் நிற்கிறது. ஏறக்குறைய நானூறு பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வெளியேற வேண்டும், அவர்களுக்காகக் காத்திருக்கிறது. காலை ஒன்பதரை மணி அளவில் அபாயச் சங்கு. மேலே முப்பது விமானங்கள் போல. குண்டுகள் துறையிலும் பக்கத்துத் தண்ணீரிலும் விழுந்துகொண்டே நெருங்கி வருகின்றன. கட்டிப்போட்ட கப்பலுக்கு விலக வழியில்லை. ஒரு குண்டு வேக்ஃபீல்டின் பி தளத்தைத் துளைத்துக்கொண்டு போய் மருத்துவ அறையில் வெடித்தது. ஐந்து பேர் அங்கேயே செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். காயம்பட்டால் எங்கே தூக்கிக்கொண்டு போவார்களோ அந்த அறையே போய்விட்டது. பக்கத்தில் நின்ற வெஸ்ட் பாயிண்ட்டிலிருந்து டாக்டர்களும் உதவியாளர்களும் ஓடி வந்து பார்த்தார்கள்.

அப்படி அடிபட்ட நிலையிலும் கப்பல் தன் வேலையை விடவில்லை. 401 பெண்களும் குழந்தைகளும் ஏறினார்கள், அன்றே கிளம்பியது. இரவு பத்து மணிக்குச் செத்தவர்களைக் கடலில் அடக்கம் செய்தார்கள்.

ஜனவரி 31: சிங்கப்பூர்த் தீவை மலாயாவோடு இணைத்த ஜோகூர் பாலத்தை பிரிட்டிஷ் படையே வெடிவைத்து உடைத்தது.

பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் தீவில் கால் வைத்தார்கள். பிப்ரவரி 15 சரணாகதி. வேக்ஃபீல்டிலிருந்து இறங்கிய சிப்பாய்க்கு சிங்கப்பூரில் சுதந்திர மனிதனாகக் கிடைத்தது இரண்டரை வாரம்.

பழங்கணக்கு:

இதைத்தான் நான் கேட்க வந்தேன். அந்தக் கப்பலை சிங்கப்பூருக்கு அனுப்பியதே தப்பு. ஜனவரி 20 தாண்டியபோது மலாயா கைநழுவிவிட்டது என்று லண்டனில் எல்லாருக்கும் தெரியும். சர்ச்சிலே ஜனவரி 21 அன்று, மிச்சப் படையை சிங்கப்பூருக்கு அனுப்பாமல் பர்மாவுக்குத் திருப்பலாமா என்று தளபதிகளிடம் கேட்டார். ரங்கூனுக்குப் போயிருந்தால் அந்த டிவிஷன் உருப்படியாகச் சண்டை போட்டிருக்கும், குறைந்தபட்சம் இந்தியாவுக்குப் பின்வாங்கவாவது வழி இருந்திருக்கும். தெரிந்தே ஆறாயிரம் ஆறாயிரமாகச் சிறைக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அலையோசை:

அப்புறம் ஏன் திருப்பவில்லை?

கொழும்புக்காரன்:

ஆஸ்திரேலியா. அவர்களுடைய 8வது டிவிஷன் அங்கே சண்டையில் இருந்தது. சிங்கப்பூரைக் கைவிடும் பேச்சு ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டினின் காதுக்கு எட்டியதும் ஜனவரி 23 அன்று அவர் அனுப்பிய தந்தியில், சிங்கப்பூரைக் காலி செய்வது மன்னிக்க முடியாத துரோகம் என்றே சொல்லிவிட்டார். சர்ச்சில் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கப்பல்கள் பம்பாயை விட்டதும் அதே வாரத்தில்தான்.

நான் கர்ட்டினைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைகள் அங்கே நிற்கும்போது ஒரு பிரதமர் வேறு என்ன சொல்லுவார்? அத்தனை வருடமாக சிங்கப்பூர் விழாது, அதை நம்பி இருங்கள் என்று ஆஸ்திரேலியாவுக்குச் சொல்லி வந்தது லண்டன்தானே.

பழங்கணக்கு:

கர்ட்டின் சொன்னதில் மனித நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ராணுவ நியாயம் இல்லை. இன்னொன்று, வந்து சேர்ந்த 18வது டிவிஷனை அங்கிருந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் தீவின் வடகிழக்கில் நிறுத்தினார், ஜப்பானியர் வந்தது வடமேற்கில். இரண்டு மாதம் கடலில் சுற்றி வந்த படையை, எதிரி வராத கரையில் காவல் வைத்தார்கள். அதன் தளபதி பெக்வித் ஸ்மித் அதே வருடம் நவம்பரில் ஃபார்மோசா சிறை முகாமில் நோயில் செத்தார்.

அடுத்து வந்த கப்பல் தொடரில் எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா பிப்ரவரி 5 அன்று துறைமுகத்துக்கு வெளியிலேயே குண்டுபட்டு எரிந்து மூழ்கியது. ஆட்களில் பெரும்பாலானவர்கள் தப்பினார்கள், தளவாடம் போனது. ஆயுதம் இல்லாமல் கரையேறிய சிப்பாய்கள்! பத்து நாளில் சரண். இதைவிட ஒரு வீண் பயணம் உண்டா?

ஈப்போக்காரி:

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த 18வது டிவிஷன் சிப்பாய்கள்தான் சிங்கப்பூரின் சாங்கி போர்க்கைதி முகாமிலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்குப் போனவர்கள். எல்லாரும் அல்ல, ஆனால் ரொம்பப் பேர். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் போல வேலை செய்ததில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பெயர் பொறித்த கல் இருக்கிறது. அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

அதே பாதையில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், மலாய்க்காரர்கள், சயாம், பர்மா, ஜாவா ஆட்கள் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் பேருக்குக் குறையாது என்கிறார்கள். சில மாத வேலை, சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ரப்பர் விலைபோகாமல் தோட்டம் பட்டினியில் கிடந்த நேரம், சிலர் நம்பிப் போனார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் பாட்டியின் அண்ணன் ஒருவர் பேராக்கில் ஒரு எஸ்டேட்டிலிருந்து போனவர், திரும்பவில்லை. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் கூடவே இருந்தார்கள், மருந்தில்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்ல, கக்கூஸை எங்கே வெட்டுவது என்று சொல்ல ஆள் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அதுவும் இல்லை. 1943ல் மழையோடு காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள். பெயர்ப் பட்டியல்கூட எடுக்கவில்லை.

கப்பல் பற்றிய இழையில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் இறங்கியவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று நங்கூரம் கேட்டிருக்கிறார். அப்புறம் ஆனது இதுதான்.

நங்கூரம்:

சகோதரி, இந்த இழையின் மையமே நீங்கள் எழுதியதுதான். நன்றி.

பழங்கணக்கு, "வீண் பயணம்" என்று நீங்கள் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். போகும் பயணம் வீண், சரி. ஆனால் அதே கப்பல் திரும்பும்போது 401 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. சரணாகதிக்கு முந்தின கடைசி நாட்களில் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிய சின்னக் கப்பல்களில் எத்தனை சுமத்ரா பக்கத்துப் பங்கா நீரிணையில் மூழ்கின என்று உங்களுக்கும் தெரியும். ஜனவரி 30ல் வேக்ஃபீல்டில் ஏறிய தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கொழும்புக்காரன்:

அவர்கள் வந்து இறங்கியது எங்கள் ஊரில். கொழும்புத் துறைமுகத்தில் அந்தப் பிப்ரவரியில் கப்பல் கட்ட இடமில்லை. சிங்கப்பூர், ஜாவா, பம்பாய், ஆஸ்திரேலியா என்று எந்தப் பக்கம் போகும் கப்பலும் அங்கே வந்துதான் போக வேண்டும், அலைதாங்கிக்கு உள்ளேயும் வெளியேயும் காத்துக் கிடந்தன. மருத்துவ அறை சிதறிப்போய் வந்த வேக்ஃபீல்டைப் பழுதுபார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பயணிகளை இறக்கிவிட்டு பம்பாய்க்குப் போய் அங்கே தற்காலிகமாகச் சரிசெய்துகொண்டது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கே வந்துவிட்டன. அடைக்கலம் என்று வந்தவர்களுக்கு அங்கேயும் சங்கு ஊதியது.

நங்கூரம்:

பம்பாயில் 336 அமெரிக்கர்களை ஏற்றிக்கொண்டு, கேப் டவுனைச் சுற்றி, மார்ச் 23 அன்று நியூயார்க். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் முறையான பழுதுபார்ப்பு. மே மாதம் மறுபடியும் கடலில். இந்தத் தடவை ஏறியவர்கள் அமெரிக்க 1வது மரீன் டிவிஷனின் முன்னணிப் பகுதி, தளபதி வாண்டக்ரிஃப்ட்டும் கூடவே. பனாமா கால்வாய் வழியாக ஜூன் 14 அன்று நியூசிலாந்தின் வெலிங்டன். அங்கே ஆறு மாதம் பயிற்சி கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள், ஏழு வாரத்தில் ஜப்பானியர் பிடித்திருந்த குவாடல்கனால் தீவின் கரையில் இறங்கினார்கள், ஆகஸ்ட் 7.

ஒரே கப்பல், ஐந்து மாத இடைவெளி, இரண்டு டிவிஷன்கள். ஒன்று சிறைக்குப் போனது. இன்னொன்று பசிபிக் போரின் திசையையே மாற்றிய இடத்துக்குப் போனது. கப்பல்காரர்கள் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் வேலை செய்தார்கள், ஒரே மாதிரிதான் சோறு போட்டார்கள்.

அலையோசை:

தீ விபத்து என்றீர்களே, அது எப்போது?

நங்கூரம்:

அதே வருடம் செப்டம்பர் 3. ஸ்காட்லாந்திலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கப்பல் தொடரில் திரும்பி வந்துகொண்டிருந்தது. மாலை நேரம், கப்பலின் உள்ளே ஆழத்தில் எங்கோ தீப்பிடித்து மளமளவென்று பரவியது. பழைய ஆடம்பரக் கப்பல், உள்ளே மரச்சுவர், பெயிண்ட், துணி எல்லாம் எரியத் தயாராக இருந்தவை.

அந்த மாலுமிகள் செய்ததைப் பாருங்கள். காற்று தீயை ஊதிவிடாதபடி கப்பலை இடப்பக்கம் திருப்பிக் காற்றோடு காற்றாகப் போகவிட்டார்கள். மேல் தளத்தில் பீரங்கிகளுக்கு அருகில் எடுத்துவைத்திருந்த வெடிமருந்தைக் கடலில் தள்ளினார்கள். ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களைப் பத்திரப்படுத்தினார்கள். மருத்துவ அறையில் படுத்திருந்தவர்களையும் கப்பல் சிறையில் அடைத்திருந்தவர்களையும் திறந்துவிட்டார்கள். புரூக்ளின் குரூசரும் மேயோ நாசகாரியும் காற்று வரும் பக்கமாக வந்து ஒட்டி நிற்க, பயணிகள் அதில் இறங்கினார்கள், மற்றவர்கள் படகிலும் மிதவையிலும். இரவு ஒன்பது மணிக்கு புரூக்ளின் மறுபடி வந்து மிச்ச மாலுமிகளை எடுத்துக்கொண்டது. நடு அட்லாண்டிக், நீர்மூழ்கி பயம் வேறு, எரியும் கப்பல் இரவில் எத்தனை மைலுக்குத் தெரியும்! ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கடலோரக் காவல் படை என்று முதலில் சொன்னேனே, ஆபத்தில் இருக்கும் கப்பலிலிருந்து ஆளை இறக்குவதுதான் அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. அது அன்றைக்குத் தெரிந்தது.

முத்துநகர்:

நான் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், தீயணைப்புப் பயிற்சியும் எடுத்தவன், அதனால் இதில் ஒன்று சேர்க்கிறேன். கப்பல் எரிவதைவிட ஆபத்து, எரியும் கப்பலில் நாம் கொட்டும் தண்ணீர்.

அதே 1942 பிப்ரவரியில் நியூயார்க்கில் நார்மண்டி என்ற பிரம்மாண்டக் கப்பல் துருப்புக் கப்பலாக மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. தீயணைப்புப் படகுகள் டன் கணக்கில் தண்ணீர் அடித்தன. தீ அடங்கியது. அடித்த தண்ணீர் மேல்தளங்களில் தேங்கிப் பக்கவாட்டில் ஓடி, மறுநாள் விடிவதற்குள் கப்பல் துறையிலேயே பக்கவாட்டில் சரிந்து படுத்துவிட்டது. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள், கொஞ்சம் சாய்ந்தாலும் அத்தனையும் ஒரு பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். கப்பலின் மேல் அடுக்கில் தண்ணீர் நின்றால் அதே கதைதான், எடை மேலே ஏறிவிடும், அதோடு அந்த எடை நிற்காமல் ஓடும்.

வேக்ஃபீல்டை இழுவைக் கப்பல்கள் ஹாலிஃபாக்ஸ் பக்கம் மெக்நாப்ஸ் கோவ் என்ற இடத்துக்கு இழுத்துப்போய் செப்டம்பர் 8 அன்று வேண்டுமென்றே தரைதட்ட வைத்தார்கள். சரியான முடிவு. தரையில் உட்கார்ந்த கப்பல் அவ்வளவு சுலபமாகச் சரியாது, தைரியமாகத் தண்ணீர் அடிக்கலாம். அப்போதும் மூன்று சரக்கறைகளிலும் மாலுமிகள் தங்கும் இரண்டு தளங்களிலும் தீ எரிந்துகொண்டிருந்தது. அணைக்க இன்னும் நான்கு நாள். 14ஆம் தேதி மிதக்கவைத்தார்கள்.

அப்புறம்தான் வந்தது வினை. ஹாலிஃபாக்ஸ் துறையில் கட்டியிருந்தபோது பேய்மழை. கூரையெல்லாம் எரிந்து திறந்து கிடந்த கப்பலுக்குள் மழைநீர் கொட்டி, கப்பல் ஒரு பக்கம் பலமாகச் சாய ஆரம்பித்துவிட்டது. நார்மண்டி விழுந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மீட்பு ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கப்பலின் பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, ஓட்டை போட்டார்கள். மேலே தேங்கிய தண்ணீர் அந்த வழியாக வெளியே ஓடியது, கப்பல் நிமிர்ந்தது. சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலின் சுவரை வெட்டு என்று உத்தரவு போட எவ்வளவு நிதானம் வேண்டும்! ஓட்டைக்கு மேலே தண்ணீர் வெளியேறும், ஆனால் சாய்வு இன்னும் கூடி ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே போனால் கடல் உள்ளே வரும். அளந்து வெட்டியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கப்பலின் மொத்த வரலாற்றிலும் பிடித்த இடம் இதுதான்.

அலையோசை:

முத்துநகர் சார், படிக்கும்போதே பதறுகிறது. அப்படி எரிந்த கப்பலை ஏன் உடைக்காமல் வைத்தார்கள்?

முத்துநகர்:

வெளிக்கூடும் இயந்திரங்களும் தேறும் நிலையில் இருந்தன தம்பி. 1942ல் அந்த அளவுள்ள, அந்த வேகமுள்ள கூட்டைப் புதிதாகக் கட்ட எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கடற்படை அதை முழு நஷ்டம் என்று அறிவித்து, சொந்தக்காரர்களான யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸிடமிருந்து வாங்கி, பாஸ்டன் கடற்படைத் தளத்துக்கு இழுத்துப்போய் உள்ளே இருந்ததையெல்லாம் வழித்தெடுத்தது. மறுபடி கட்டும்போது துருப்புக் கப்பலாகவே கட்டினார்கள். எரியக்கூடிய அலங்காரம் எதுவும் இல்லை. 1944 பிப்ரவரி 10 மறுபடி சேவைக்கு வந்தது.

நங்கூரம்:

அதற்குப் பிந்தைய இரண்டு வருடம்தான் கப்பலின் உண்மையான உழைப்பு, ஆனால் சொல்வதற்குக் கதை குறைவு. பாஸ்டனில் ஏற்று, லிவர்பூலில் இறக்கு, திரும்பி வா. வேகமான கப்பல் என்பதால் துணைக்கப்பல் இல்லாமல், வளைந்து வளைந்து தனியாகவே அட்லாண்டிக்கைக் கடந்தது. இரண்டரை வாரத்துக்கு ஒரு தடவை பாஸ்டனில் தலைகாட்டியதால் துறைமுகத்தில் "பாஸ்டன் லிவர்பூல் எக்ஸ்பிரஸ்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நடந்த படையெடுப்புக்குப் பிறகு திரும்பும் பயணங்களில் காயம்பட்டவர்களும் ஜெர்மன் கைதிகளும். பிறகு மத்தியதரைக்கடல், போர் முடிந்ததும் பசிபிக்கில் மூன்று பயணம்.

1944 ஏப்ரலிலிருந்து 1946 பிப்ரவரி வரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது 1,10,563 பேர். திரும்பக் கொண்டுவந்தது 1,06,674 பேர். மொத்தம் 2,17,237. இந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரில் ஒருவரையும் எதிரியால் இழக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பழங்கணக்கு:

இந்தக் கணக்கைப் பார்த்தபின் ஒன்று சொல்கிறேன். சிங்கப்பூர்ப் பயணத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை, அந்தத் தப்பு லண்டனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுடையது. ஆனால் 1942ல் குண்டுபட்டு, எரிந்து, மழையில் கவிழப் பார்த்த கப்பலை மறுபடி எழுப்பி இத்தனை பேரை ஏற்றிய மாலுமிகளுக்கும் பாஸ்டன் தொழிலாளிகளுக்கும் யாரும் சிலை வைக்கவில்லை. யமாட்டோ தன் பெரிய பீரங்கிகளால் போரின் போக்கை எங்கே மாற்றியது? வேக்ஃபீல்ட் அப்படிப் பெரிய பீரங்கி எதுவும் இல்லாமல் நகரம் நகரமாக ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நங்கூரம் இந்த இழையைத் தொடங்கியது நல்ல காரியம்.

அலையோசை:

கடைசியாக ஒரு கேள்வி. போர் முடிந்ததும் பழையபடி பயணிகள் கப்பலாக ஓட்டவில்லையா?

நங்கூரம்:

இல்லை. உள்ளே அறையே கிடையாது, அடுக்கடுக்காகப் படுக்கைகள்தான். அதை மறுபடி பயணிகள் கப்பலாக்க ஆகும் செலவுக்குப் புதிதாகவே கட்டலாம். 1946 ஜூனில் சேவையிலிருந்து விலக்கி, நியூயார்க்குக்கு மேலே ஹட்சன் ஆற்றில் ஜோன்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் ரிசர்வ் கப்பல்களோடு கட்டிப்போட்டார்கள். அப்படியே பல வருடம். 1959ல் கடற்படைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். அறுபதுகளின் நடுவில் நியூஜெர்சியின் கியர்னியில் உடைத்தார்கள், கட்டிய கேம்டனும் அதே மாநிலம்தான். தங்கைக் கப்பல் வாஷிங்டன் போருக்குப் பின் கொஞ்ச நாள் பயணிகளை ஏற்றியது, பிறகு அதற்கும் கியர்னிதான்.

ஈப்போக்காரி:

நங்கூரம், வெஸ்ட் பாயிண்ட்டும் அன்றைக்கு சிங்கப்பூரில் பக்கத்தில் நின்றது என்று எழுதினீர்கள். அதில் போனவர்களைப் பற்றியும் தனி இழை போட முடியுமா?

நங்கூரம்:

கட்டாயம் சகோதரி. கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அந்தக் கப்பலுக்கும் நீளமான கதை இருக்கிறது. கொழும்புக்காரன் ஐயா, 1942 பிப்ரவரி கொழும்புத் துறைமுகம் பற்றி உங்களிடம் இருக்கும் விவரங்களையும் அங்கே போடுங்கள். ஈப்போ சகோதரி, சயாம் பாதை பற்றித் தனி இழையை நீங்களே தொடங்கினால் நல்லது, தோட்டங்களிலிருந்து போனவர்களின் குடும்பத்தார் இந்தத் தளத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் எழுதுவார்கள்.